முற்றத்து மலர்களின் பிறப்பிடம்

வீட்டு முற்றத்தில் நடுவதற்குச் செடி தேடும் நம்மவருட் பலர், "இது நம் நாட்டுப் பூவா? வீட்டுக்கு ஆகுமா?" என்றே முதலிற் கேட்கின்றனர். வெயில் எவ்வளவு விழும், நீர் தேங்குமா என்று கேட்போர் சிலரே. பிறப்பைக் கேட்டு மதிப்பிடும் வழக்கம் மனிதரோடு நில்லாது மலரையும் பற்றிக்கொண்டது. ஆதலின் அம்மலர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

காகிதப்பூ என்று தமிழரும், அதே பொருளில் மலாய்க்காரரும் அழைக்கும் செடி தென்னமெரிக்காவிற் பிறந்தது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பூகன்வில் என்னும் பிரெஞ்சுத் தளபதியோடு சென்ற கொமெர்சோன் என்னும் தாவர அறிஞர், 1767இல் பிரேசில் நாட்டில் இதனைக் கண்டு தம் தளபதியின் பெயரைச் சூட்டினார். அவருக்குத் துணையாய் உழைத்தவர் ழான் பாரே என்னும் பெண்மணி. பெண்கள் கப்பலேறலாகாது என்ற விதியிருந்தமையால் ஆணுடை தரித்துச் சென்றார். உலகைச் சுற்றிவந்த முதற்பெண் அவரே. தளபதியின் பெயர் செடியில் நிலைத்தது. உழைத்தவரின் பெயரோ நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

ஈழத்தலரி என்று தமிழிலும், கெம்போஜா என்று மலாயிலும் வழங்கும் மரத்தை ஒரு பெயர் இலங்கைக்கும், மற்றொன்று கம்போடியாவுக்கும் உரியதாக்குகிறது. அதுவோ நடு அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும் தந்த மரம். கோயிலில் நின்றால் தெய்வ மலர் என்பர்; அடக்கத்தலத்தில் நின்றால் பேய் மரம் என்று அஞ்சுவர். மரம் ஒன்றே; அச்சம் நம்முடையது.

சாமி மாலையிற் கோக்கும் துலுக்கச் செவ்வந்தியும் மெக்சிக்கோ நாட்டுச் செடியே. ஐரோப்பியர் கடல்வழி திறந்தபின் இந்தியா வந்தது. கருவறை வரை செல்லும் அம்மலரை வாயிலில் நிறுத்திக் குலங் கேட்டவர் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு 1939இலேதான் திறந்தது!

நம் மலர் என்று சொல்லத்தக்கது வெட்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்து, ஆநிரை கவரச் சென்ற சங்ககால வீரர் சூடியது. இட்லிப்பூ என்பதும் அதுவே. இன்று அதனை மலாய்க்காரரும் சீனரும் தம் வேலியில் நட்டு மகிழ்கின்றனர். அயற்பூ என்று பிடுங்கியெறிந்தாரில்லை.

சிங்கப்பூரில் ஆக்னெஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் மலர்ந்த வண்டா ஆர்க்கிட்டை, 1893இல் ரிட்லி என்னும் தாவர அறிஞர் உலகுக்கு அறிவித்தார். அதன் பெற்றோரில் ஒன்று மலாயாச் சதுப்பு நிலத்தது. மற்றொன்று பர்மா முதலிய வடபுலத்தது. அக்கலப்பின் குழந்தையே 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. மலாயா 1960இல் தேர்ந்த செம்பரத்தைக்கோ, தாவர நூல்களில் 'சீன ரோஜா' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. வந்தேறி என்று நம்மை இகழ்வோர்க்கும், நம்முள்ளேயே ஒருவரைக் கீழென்போர்க்கும் இவ்விரு மலர்களே விடை கூறும்.

எனவே குணம் நோக்கிச் செடியைத் தேர்க. காகிதப்பூவும் வண்டாவும் முழு வெயில் வேண்டுவன. காகிதப்பூவுக்கு நீர் மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறையும். வெட்சியும் செம்பரத்தையும் கத்தரிக்கக் கத்தரிக்கத் தழைப்பதால் வேலிக்கு ஏற்றவை. அரளியின் உறுப்பெல்லாம் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டுக்கு அது வேண்டா. இது மூடநம்பிக்கையன்று, ஆராய்ந்தறிந்த உண்மை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் டெங்கிக் கொசு பெருகும் என்பதையும் மறவற்க.

தோட்டத்து லயமாயினும் பட்டணத்து அடுக்குமாடியாயினும், ஒரு செடி நட இடம் உண்டு. வேரூன்றிப் பூத்த செடியை எந்த ஊரென்று எவரும் கேட்பதில்லை. அதற்கு நீர் வார்த்த கையையும் கேட்கலாகாது.