இந்தியக் கடலோரக் காவல் படை

இந்தியக் கடலோரக் காவல் படை, இந்திய ஒன்றியத்தின் ஆயுதப் படைகளுள் ஒன்று. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது, தலைமையகம் புதுதில்லி. 1977 பிப்ரவரி 1 அன்று இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கி, 1978 ஆகஸ்டில் தனிச் சட்டத்தால் நிலைபெற்றது. போர் கடற்படையின் வேலை. போர் இல்லாத நாள்களில் கடலில் நடக்கும் கடத்தல், அந்நியப் படகுகளின் அத்துமீறல், எண்ணெய்க் கசிவு, புயலில் சிக்கிய விசைப்படகு ஆகிய எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது இந்தப் படை. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறம், இதன் கப்பல்கள் வெள்ளை. கடத்தல் தங்கத்தைத் தடுக்கவே முதன்மையாக உருவாக்கப்பட்ட படை இது. ஆனால் கரையோர மக்கள் இதை எடைபோடுவது, மீனவரைக் காப்பது என்ற மற்றொரு கடமையை வைத்துத்தான்.

தோற்றம்

1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொதுமக்கள் தங்கக் கட்டிகள் வைத்திருப்பதைத் தடுத்து, நகைத் தொழிலையும் கடும் உரிம முறைக்குள் கொண்டுவந்தது. தாலி முதல் சீர்வரிசை வரை தங்கம் இல்லாமல் நடக்காத நாட்டில் தேவை குறையவில்லை. உள்நாட்டு விலை மட்டும் ஏறியது. துபாயில் மலிவாகக் கிடைத்த தங்கம், பாய்மரக் கலங்களிலும் மோட்டார் படகுகளிலும் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. சுங்கத் துறையிடம் இருந்த சிறு படகுகளால் கடத்தல்காரர்களைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. போர்க்கப்பல்களை இந்த வேலைக்கு அனுப்புவது வீண் செலவு என்பது கடற்படையின் நிலைப்பாடு.

இந்த நிலையில் 1974 செப்டம்பரில் கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. எல்லைப் பாதுகாப்புப் படையை அதன் முதல் தலைமை இயக்குநராக இருந்து கட்டி எழுப்பியவர் அவர். நில எல்லைக்கு ஒரு படை இருப்பதுபோல் கடல் எல்லைக்கும் ஒன்று வேண்டும் என்று குழு 1975இல் பரிந்துரைத்தது. அதை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வைக்கலாம் என்பது அமைச்சரவைச் செயலகத்தின் எண்ணம். பிரதமர் இந்திரா காந்தி, குழுவின் பரிந்துரைப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழேயே வைக்க முடிவு செய்தார். படையின் போக்கைத் தீர்மானித்த முடிவு அது. கப்பலும் பயிற்சியும் கடற்படையிடமிருந்து வந்தன. தொடக்க ஆண்டுகளின் செலவோ நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறைக் கணக்கில் சேர்ந்தது. கடத்தல் தடுப்பே முதல் நோக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே ஆண்டுகளில் கடலின் பரப்பே மாறியது. 1974இல் மும்பைக்கு அப்பால் பாம்பே ஹை எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டம், கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பைத் தனிப் பொருளாதார மண்டலமாக்கியது. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலின் மீனுக்கும் எண்ணெய்க்கும் இந்தியா உரிமை கொண்டது. அந்த உரிமையைக் காக்க அன்று தனிப் படை எதுவும் இல்லை.

1977இல் புதிய படைக்குக் கிடைத்தவை ஏழே கலங்கள். கிர்பான், குட்டார் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும் கடற்படையிலிருந்து மாற்றித் தரப்பட்டன. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட குக்ரி, அந்த இரண்டு கப்பல்களின் உடன்பிறப்பு. வைஸ் அட்மிரல் வி.ஏ. காமத் முதல் தலைமை இயக்குநரானார். கடலோரக் காவல் படைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1978 ஆகஸ்ட் 19 அன்று, பிரதமர் மொரார்ஜி தேசாய் படையை முறைப்படி தொடங்கி வைத்தார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. அந்தச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. அதன் விளைவாகப் பிறந்த படை வளர்ந்துகொண்டே போனது.

கடமைகளும் அமைப்பும்

சட்டத்தின் 14ஆம் பிரிவு படையின் கடமைகளைச் சொல்கிறது. செயற்கைத் தீவுகளையும் கடலிலுள்ள எண்ணெய் மேடைகளையும் காத்தல், இடரில் சிக்கிய மீனவர்களுக்கு உதவுதல், கடல் சூழலைப் பேணுதல், சுங்கத் துறைக்குத் துணை நிற்றல், கடல் சட்டங்களை நடைமுறைப்படுத்தல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுள் முன்னுரிமை எதற்கு என்று சட்டம் வரிசைப்படுத்தவில்லை. ஒரே ரோந்துக் கப்பல் காலையில் ஒரு படகைச் சோதனையிட்டு, மாலையில் இன்னொரு படகை இழுத்துவர நேரிடுகிறது. காவலரும் காப்பாளரும் ஒரே சீருடையில் இருப்பதால் மீனவருக்கு இப்படையுடனான உறவு என்றுமே எளிதாக இருந்ததில்லை.

தலைமை இயக்குநருக்குக் கீழே இன்ஸ்பெக்டர் ஜெனரல், டி.ஐ.ஜி., கமாண்டன்ட் எனப் பதவிகள் இறங்குகின்றன. மாலுமிகள் நாவிக் என்றும், இயந்திரப் பிரிவினர் யாந்திரிக் என்றும் சேர்கிறார்கள். அதிகாரிகளுக்கு எழிமலையிலும் மாலுமிகளுக்கு ஒடிசாவின் சில்காவிலும், கடற்படைப் பயிற்சி நிலையங்களிலேயே அடிப்படைப் பயிற்சி. நெடுங்காலம் கடற்படையின் வைஸ் அட்மிரல்களே தலைமைப் பொறுப்புக்கு அனுப்பப்பட்டனர். படையில் வளர்ந்தவர்களே தலைமையேற்பது அண்மைக்கால வழக்கம். மும்பை, சென்னை, கொல்கத்தா, காந்திநகர், போர்ட் பிளேர் ஆகிய ஐந்து இடங்களில் மண்டலத் தலைமையகங்கள் உள்ளன. அவற்றின் கீழ் மாவட்டத் தலைமையகங்களும், மண்டபம், காரைக்கால் போன்ற ஊர்களில் நிலையங்களும் இயங்குகின்றன.

கப்பல்களில் முதல் பெரிய முன்னேற்றம் 1983இல் மசகான் கப்பல் தளம் கட்டிய விக்ரம். 1980களின் நடுவிலிருந்து டார்னியர் விமானங்கள் சேர்ந்தபின் படையின் கண்ணுக்கு எட்டும் தொலைவு பல மடங்கு கூடியது. பழைய விக்ரம் ஓய்வுபெற்றபின் அதே பெயரைத் தாங்கிய புதிய வரிசை ரோந்துக் கப்பல்கள் ஏழும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், எல் அண்டு டி தளத்தில் கட்டப்பட்டவை. ஏழாவதான விக்ரஹா 2021 ஆகஸ்டில் சென்னையில் பணியில் சேர்ந்தது. இன்று 150க்கும் மேற்பட்ட கலங்களும் 70க்கும் மேற்பட்ட வானூர்திகளும் படையிடம் உள்ளன.

பாக் நீரிணை ஆழம் குறைந்த, மணல்திட்டுகள் நிறைந்த கடல். பெரிய கப்பல்கள் அங்கே நுழைய முடியாது. அதனால் நீர்மேலும் மணல்மேலும் காற்றுமெத்தையில் ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஊர்திகள் மண்டபத்தில் நிறுத்தப்பட்டுள்ளன. இலங்கையில் போர் தீவிரமான 1990 முதல், ஆபரேஷன் தாஷா என்ற பெயரில் கடற்படையுடன் சேர்ந்து இங்கே ரோந்து நடந்தது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக் கோட்டைத் தாண்டி மீனவர்களின் வலை போகிறது. படையின் அதிகாரம் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. கோட்டுக்கு அப்பால் சிறைபிடிக்கப்படும் ராமேசுவரம் படகுக்கு இப்படையால் உதவ முடியாது. கோட்டுக்கு இப்பால் நின்று திரும்பிப் போகச் சொல்லத்தான் முடியும். தங்கக் கடத்தலும் இங்கே தீர்ந்துவிடவில்லை. 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடத்தல்காரர்கள் கடலில் வீசிய 17 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தை, வருவாய்ப் புலனாய்வுத் துறையுடன் சேர்ந்து முக்குளிப்பவர்களைக் கொண்டு படை மீட்டது.

கொள்ளையும் ஊடுருவலும்

1999 அக்டோபரில் இந்தோனேசியாவின் குவாலா தஞ்சுங்கிலிருந்து அலுமினியக் கட்டிகளுடன் ஜப்பானுக்குப் புறப்பட்ட அலோன்ட்ரா ரெயின்போ என்ற கப்பல் கொள்ளையர் கையில் சிக்கியது. அதிலிருந்த 17 பேரும் மிதவையில் இறக்கி விடப்பட்டு, பிறகு தாய்லாந்து மீன்பிடிப் படகால் மீட்கப்பட்டனர். மெகா ராமா என்று பெயர் மாற்றி அரபிக் கடலில் ஓடிய கப்பலை, காவல் படையின் தாராபாய் விடாமல் துரத்தியது. கடற்படையின் பிரஹார் துணைக்கு வர, நவம்பர் 16 அன்று கொள்ளையர் பிடிபட்டனர். படையின் வரலாற்றில் மிகச் சிறந்த துரத்தல்களுள் ஒன்று இது. ஆயினும் 2003இல் மும்பை நீதிமன்றம் அளித்த தண்டனை 2005இல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் அந்தக் குறையைப் பிந்தியே தீர்த்தது.

2008 நவம்பரில் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தவர்கள் மும்பையைத் தாக்கினர். அதன்பின் பொறுப்புகள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்பு கடற்படையிடம் சென்றது. 12 கடல் மைலுக்கு உட்பட்ட கடலில், மாநிலக் கடலோரக் காவல் குழுமங்களின் ரோந்தையும் உள்ளடக்கி, ஒருங்கிணைக்கும் பொறுப்பு இப்படையிடம் வந்தது. கலங்கரை விளக்கங்கள் பலவற்றின் உச்சியில் ரேடார்கள் ஏறின. முதல் கட்டத்தில் மட்டும் 46 நிலையங்கள். சாகர் கவச் என்ற ஒத்திகையில் படையினரே ஊடுருவிகளாக வேடமிட்டு வர, மாநிலக் காவலர் அவர்களைப் பிடிக்க முயல்வது கடற்கரை ஊர்களில் வழக்கமாயிற்று.

எண்ணெயும் புயலும்

கடலில் எண்ணெய் கொட்டினால் மீட்புப் பணியை ஒருங்கிணைக்கும் மைய அமைப்பு இதுவே. 2020 செப்டம்பரில், குவைத்திலிருந்து பாரதீப்புக்கு 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயுடன் சென்ற நியூ டைமண்ட் இலங்கைக்குக் கிழக்கே தீப்பிடித்தபோது, இலங்கைக் கடற்படையுடன் சேர்ந்து நாள்கணக்கில் போராடித் தீயை அணைத்தார்கள். மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. கரைக்கு வந்துவிட்ட எண்ணெய் வேறு கதை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பாறை இடுக்குகளில் தேங்கிய தாரை மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அள்ளினார்கள். ஆழ்கடலுக்கென்று வாங்கிய கருவிகள் ஆழமற்ற பாறைக்கரையில் உதவவில்லை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கடல் சூழலைப் பேணும் கடமை எண்ணெயோடு முடிவதில்லை. ஒடிசாவின் கஹிர்மாதாவில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் காக்க 1980களிலிருந்து ஆண்டுதோறும் நடக்கும் ஆபரேஷன் ஒலிவியா, படையின் பணிகளில் அதிகம் பேசப்படாதது.

இந்தியாவின் தேடல், மீட்புப் பொறுப்பு 46 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் பரவியிருக்கிறது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மையங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அவசர அழைப்பு எண் 1554. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது இந்த ஏற்பாடு கடும் சோதனைக்கு உள்ளானது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையின் கைப்பேசிக்கும் வயர்லெஸுக்கும் எட்டாத தொலைவில் இருந்தார்கள். கப்பல்களும் விமானங்களும் பலரைக் காப்பாற்றின. எங்கள் ஆட்கள் இருக்கும் ஆழத்துக்குப் போய்த் தேடவில்லை என்று குழித்துறையில் ரயிலை மறித்தவர்களின் குற்றச்சாட்டும் பொய்யல்ல. எங்கே தேடுவது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை; மீட்புத் திட்டத்தில் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே இடம் தந்திருக்க வேண்டும்.

இஸ்ரோ உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவி, பொத்தானை அழுத்தியதும் செயற்கைக்கோள் வழியே படகின் இருப்பிடத்தைச் சென்னை மையத்துக்கு அனுப்பும். பழைய கருவியில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. அடுத்த தலைமுறைக் கருவியில் கரையிலிருந்து பதில் திரும்பி வருகிறது. புயல் எச்சரிக்கையையும் அதே வழியில் கடலுக்கு அனுப்ப முடிகிறது.