திரைக்கு முன்னும் பின்னும்: ஒலிபெருக்கியின் விலை, ஓசை, உடல்

உயர்விலை ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதும் மேலைநாட்டு இதழ்களில் ஒப்பீட்டுக் கட்டுரை என்றொரு வகைமை உண்டு. தரையில் நெஞ்சளவு உயரத்திற்கு நிற்கும் நாலைந்து ஜோடிப் பெட்டிகளை எடுத்துக்கொள்வார்கள். கொடுத்த காசுக்குத் தகுமா, ஓசை எப்படி, பார்க்க எப்படி என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் ஒரு கூட்டல். இந்தக் கூட்டல் சாத்தியப்பட ஒரு முன்அனுமானம் தேவைப்படுகிறது. அதாவது, விலை ஓசைக்குள் நுழைவதில்லை, தோற்றம் காதைத் தீண்டுவதில்லை, மூன்றும் தனித்தனி அறைகள். ஒலிபெருக்கியின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இந்த முன்அனுமானத்திற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட ஆய்வுரைதான் இன்றைய ஒலிபெருக்கியின் மூலப்பிரதி எனலாம். காந்தப்புலத்தில் அசையும் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. அடிப்படை இன்றும் இதுதான். பல்லாயிரம் டாலர் பெட்டிக்கும் சாதாரண ரேடியோவுக்கும் இந்த விஷயத்தில் பேதமில்லை. அப்படின்னா வித்தியாசம் எங்கே உற்பத்தியாகிறது? கூம்பைச் சுற்றி நிற்கும் பெட்டியில். பெட்டியைச் சுற்றி நிற்கும் வீட்டில். வீட்டைச் சுற்றி நிற்கும் பேச்சில்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் 1946இல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையில் வைக்க வேண்டியது. பெட்டிக்குள் மடித்து வைத்த ஹார்னின் தொடர்ச்சியாக இரண்டு சுவர்களும் வேலை செய்கின்றன. அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் தந்த சொற்ப வாட்டில் பெரிய ஓசை எழுப்ப இது நல்ல வழி. ஆனால், நல்ல மூலை உள்ள அறை யாரிடம் இருந்தது? கட்டிடமே கருவியின் ஒரு பாகம் ஆகிறபோது வர்க்கமும் கருவியின் ஒரு பாகம் ஆகிவிடுகிறது. 1954இல் ஜே.பி.எல். நிறுவனத்தின் ஹார்ட்ஸ்ஃபீல்ட் வந்தது. மறுவருடம் லைஃப் இதழ் அதைக் கனவு ஒலிபெருக்கியாகக் கொண்டாடியது. 1957இல் வந்த பாரகன், இரண்டு ஒலிபெருக்கிகளை ஒரே மரச்சாமானுக்குள் அடக்கிய கிட்டத்தட்ட 9 அடி நீளப் பொருள். அதன் முகப்பில் வளைந்து நிற்கும் மரப்பலகை அழகுக்காக மட்டும் போட்டதல்ல, ஓசையைச் சிதறடித்துப் பரப்பும் உறுப்பும் அதுதான். இதுல எது தோற்றம், எது ஓசை என்று கோடு கிழிப்பது எப்படி?

இந்தப் பெருமரபுக்கு எதிர்க்குரல் 1954இலேயே எழுந்தது. எட்கர் வில்ச்சர், ஹென்றி குளோஸ் இருவரும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி ஒன்றை ஏ.ஆர்.-1 என்ற பெயரில் வெளியிட்டது. உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு வில்லாக (ஸ்பிரிங்காக) வேலை செய்யும். இதனால் ஆழமான பாஸுக்கு அலமாரி அளவு பெட்டி வேண்டும் என்ற விதி உடைந்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது எல்லோருக்கும் இரண்டிரண்டு பெட்டி தேவைப்பட்டது. இரண்டு பெரிய பெட்டிக்கு இடமில்லாத நடுத்தர வீடுகளுக்குள் சின்னப் பெட்டி நுழைந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவை மேடையில் அமர்த்தி, நேரடி வாசிப்பையும் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தது அந்த நிறுவனம். 1910களில் எடிசன் நிறுவனம் பாடகர்களை வைத்து நடத்திய விளம்பரக் கச்சேரிகளின் நீட்சிதான் இது. ஆனாலும் இதிலிருந்த சவால் முக்கியமானது. தீர்ப்பு சொல்லும் இடத்தில் விலைச்சீட்டு அல்ல, கூடத்தில் உட்கார்ந்திருந்த சாமானியக் காதுகள் வைக்கப்பட்டன.

அப்படியானால் ஆளுயரப் பெட்டி திரும்பி வந்தது எப்படி? ஒரு பகுதி காரணம் பொறியியல் சார்ந்தது. உயரமான பெட்டியில் ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்திற்கு வருகிறது. கீழே வூஃபருக்குத் தேவையான கொள்ளளவு கிடைக்கிறது. மறுபகுதி சொல்லாடல் சார்ந்தது. 1962இல் கோர்டன் ஹோல்ட் ஸ்டீரியோஃபைல் இதழைத் தொடங்கியது விளம்பரதாரருக்குப் பணிந்துபோன பெரிய இதழ்களுக்கு எதிரான கலகமாகத்தான். எண்களைக் காட்டி ஏமாற்றாதே, கேட்டுச் சொல் என்றார் அவர். 1973இல் ஹாரி பியர்சன் தி அப்சல்யூட் சவுண்ட் தொடங்கி, மைக் இல்லாமல் ஓர் அரங்கில் ஒலிக்கும் நேரடி இசையே அறுதி அளவுகோல் என்றார். கலகம் நியாயமானது. ஆனால் கேட்பவரின் காதை விடுவிக்க வந்த பேச்சு, கொஞ்ச காலத்தில் சில ‘பொற்செவி’களின் அதிகாரமாக இறுகிப்போனது. ‘உனக்குக் கேக்கலைன்னா உன் காதுல கோளாறு.’ வாசகர் வாய்மூடி நம்ப வேண்டியதாயிற்று. இந்த மொழி விலையை உயர்த்தும் உற்பத்திக் கருவியாகவும் செயல்பட்டது.

இதே இதழியலில் 1983இல் ‘மனைவி ஏற்புக் காரணி’ என்ற சொல் ஸ்டீரியோஃபைல் பக்கங்களில் தோன்றியது. வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அது செய்த பிரிவினை வேடிக்கையானதல்ல. ஓசை ஆணுடையது, அறிவு சார்ந்தது. தோற்றம் பெண்ணுடையது, அலங்காரம் சார்ந்தது. பளபளக்கும் வார்னிஷையும் அரிய மரத்தையும் ஆசை ஆசையாய் வாங்கிய ஆண், தன் கண்ணின் ஆசையை மனைவியின் கணக்கில் எழுதிவிட்டுத் தான் வெறும் காதாக மட்டுமே இருப்பதாகப் பாவனை செய்ய இந்தச் சொல் உதவியது.

இந்தப் பாவனையை ஒரு துணித்திரை கலைத்தது. கனடாவின் தேசிய ஆய்வு மையத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் ஃப்ளாய்ட் டூல். ஒலிபெருக்கியைக் கண்ணுக்கு மறைத்து, ஓசை அளவைச் சமப்படுத்திக் கேட்க வைத்தால், இயல்பான செவித்திறன் உள்ளவர்களின் விருப்பங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன என்று 1980களின் நடுவில் அவர் காட்டினார். 1991இல் ஹார்மன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட சோதனையில் அந்த நிறுவன ஊழியர்கள் 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளைக் கேட்டனர். மூன்று பெரியவை, விலை கூடியவை. நான்காவது சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளும் தனி பாஸ் பெட்டியும் சேர்ந்த மலிவுச் சரக்கு. பெரியவற்றில் ஒன்று, இதழ்களின் பாராட்டைப் பெற்ற 3,600 டாலர் போட்டி நிறுவனப் பெட்டி. பார்த்துக்கொண்டே கேட்டபோது மலிவுச் சரக்கு அதற்குக் கீழே நின்றது. திரைபோட்டுக் கேட்டபோது சற்றே மேலே ஏறிவிட்டது. சொந்தக் கம்பெனிப் பொருள் என்ற விசுவாசம்கூட பிளாஸ்டிக்கின் மீதான இளக்காரத்தை வெல்லவில்லை. அனுபவசாலிகளும் இதிலிருந்து தப்பவில்லை. இன்னொன்றும் நடந்தது. பெட்டியை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஓசை மாறும். திரைக்குப் பின்னால் அந்த மாற்றத்தைப் பிடித்த காதுகள், கண் திறந்ததும் அதைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

சரி, அப்ப காது பொய் சொல்லுதா? இல்லை. பார்த்துக் கேட்டவர் ஏமாற்றவில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது. 1938இல் அடோர்னோ எழுதிய கட்டுரை இங்கு நினைவுக்கு வருகிறது. டோஸ்கானினி கச்சேரிக்குப் போகிறவர் தான் சீட்டுக்குக் கொடுத்த பணத்தையே வழிபடுகிறார் என்பது அவர் வாதம். ஆனால் அடோர்னோ இந்த நோய்க்கு வெகுசனத்தின் செவி பின்னடைந்துவிட்டதையும் காரணமாக்கினார். அந்த இடத்தில் அவரைக் கேள்வி கேட்கும் சான்று ஒன்று உண்டு. 2003இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின் கேட்டனர். பயிற்சி பெற்றவர், கடைக்காரர், விமர்சகர், மாணவர் என்று பலதரப்பினர். பயிற்சி பெற்றவர்கள் மதிப்பெண்ணைக் கறாராகப் போட்டார்கள், வேறுபாடுகளைத் துல்லியமாகப் பிரித்தார்கள். ஆனால் எது முதல், எது கடைசி என்ற வரிசை பொதுவாக எல்லாத் தரப்புக்கும் ஒன்றுதான். சாமானியனின் காது பின்னடையவில்லை. அதன் மேல் நம்பிக்கை வைக்கும் உரிமைதான் அவனிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் திரையும் அப்பாவியல்ல. அதைக் கட்டியது ஒலிபெருக்கி விற்கும் ஒரு நிறுவனம். 1996இல் அதே ஹார்மன், ரெவல் என்ற உயர்விலை வரிசையைத் தொடங்கியது. திரைக்குப் பின்னால் செதுக்கிய ஓசை, கடையில் மீண்டும் மெருகேற்றிய மரத்தோடும் பெரும் விலையோடும் நிற்கிறது. அதோடு, யாரும் வீட்டில் திரைபோட்டு இசை கேட்பதில்லை. அழகான பொருளோடு வாழ ஆசைப்படுவதும் குற்றமல்ல. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தோற்றத்துக்கும் அந்தஸ்துக்கும் கொடுக்கிற காசை ‘ஓசைக்கு’ என்று ரசீது போடுவதில், அந்த ரசீதை நம்பாதவரைச் செவிடராக்குவதில்.

ஆகவே மூன்று கட்டங்களைக் கூட்டும் கணக்கை நாம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ‘எந்தப் பெட்டி சிறந்தது?’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்த மதிப்பெண் போடப்பட்டபோது விலைச்சீட்டு எங்கே இருந்தது? பெட்டி யார் கண்முன் நின்றது? திரையின் கயிறு யார் கையில் இருந்தது? இதுக்குப் பதில் சொல்லாத ஒப்பீடு எதுவானாலும் அது விளம்பரத்தின் இன்னொரு பக்கமே.