மோஸின் பசை

கண் இமையிலயோ மூக்கு நுனியிலயோ தோல் புற்றுநோய் வந்தா வைத்தியருக்கு இரண்டு பயம். குறைய வெட்டினா வேர் மிஞ்சும். கூட வெட்டினா முகம் போயிடும். இதுக்கு வழி கிடைச்சது ஒரு எலிப் பரிசோதனையில.

1930களில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தவர் பிரெடரிக் மோஸ். விலங்கியல் பேராசிரியர் மைக்கேல் கையருக்கு உதவியாளராகவும் வேலை செய்தார். எலிகளின் கட்டிகளுக்குள் இரசாயனங்களை ஏற்றிப் பார்த்தபோது, நாகக் குளோரைட்டு இழையத்தைக் கொன்றது. ஆனால் கலங்களின் அமைப்பைக் குலைக்கவில்லை. அப்ப, கட்டியை உடம்பிலேயே பதப்படுத்தி, மெல்லிய அடுக்காக வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கலாமே?

வழமையான முறையில் வெட்டியெடுத்த துண்டைப் பாண் வெட்டுற மாதிரிச் செங்குத்தாக வெட்டி, சில துண்டுகளை மட்டும் பார்ப்பார்கள். விளிம்பில் 1% கூடக் கண்ணில் படாது. மோஸ் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் ஒரே தளமாக மட்டப்படுத்தி முழுவதையும் பார்த்தார். மிச்சம் எங்கே என்று வரைபடத்தில் குறித்து, அந்த இடத்தில் மட்டும் திரும்ப வெட்டினார். என்னைக் கேட்டால், அவருடைய பெரிய கண்டுபிடிப்பு பசை இல்லை, இந்த வரைபடம்தான்.

1936இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். 1941இல் கட்டுரை வந்தது. நாகக் குளோரைட்டோடு 'பிளட்ரூட்' என்ற மூலிகையும் கலந்த பசை அது. பூசினால் கடும் நோவு. ஒரு அடுக்குக்கு ஒரு நாள் போகும்.

1953இல் கண் இமைப் புற்றுநோய் ஒன்றை அகற்றுவதைப் படம் பிடித்தார்கள். முதல் அடுக்குக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. திரும்பப் பசை பூசினால் படப்பிடிப்பு இழுபடும். அதனால் விறைப்பூசி போட்டு நேரடியாக வெட்டி, இழையத்தை உறையவைத்துப் பார்த்தார். சரிவந்தது! ஆனாலும் பசை ஒழிய இன்னும் இருபது வருசம் எடுத்தது. 1970களில் ட்ரோமோவிச், ஸ்டெக்மன் என்ற தோல் வைத்தியர்கள் பசையில்லாமலே செய்து முடிவுகளை வெளியிட்ட பிறகுதான் முறை மாறியது. இன்று, முதன்முறை வரும் அடித்தளக் கலப் புற்றுநோயில் ஐந்து வருடக் குணமாகும் வீதம் 99% வரை சொல்லப்படுகிறது.

வைத்தியர்கள் கைவிட்ட பசை இப்ப இணையத்தில் 'கறுப்புக் களிம்பு' என்று விற்பனையாகுது. அதே நாகக் குளோரைட்டு, அதே பிளட்ரூட். 'இயற்கை மருந்து' என்று எழுதியிருப்பார்கள். நுணுக்குக்காட்டி மட்டும் இல்லை. பூசினவருக்கு மேலே புண் ஆறி வடு விழும். அதுக்குக் கீழே கட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம்.