செயற்கைக்கோள் பார்க்காத நூறு வருஷம்

லேண்ட்சாட் படங்களை இறக்கி, சென்னைக் கரை எங்கே தேய்ந்திருக்கு, எங்கே வளர்ந்திருக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறை எளிதுதான். தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்து ஒவ்வொரு வருஷத்துக்கும் கரைக்கோட்டை வரையலாம். பிறகு குறுக்கே வெட்டுக்கோடுகள் போட்டு, கரை நகர்ந்த தூரத்தை வருஷங்களால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

ராயபுரத்துக்கு வடக்கே, கல் கொட்டிய பகுதிகளில் கோடு அசையவே இல்லை. ஸ்கிரிப்ட் பச்சை நிறம் அடித்து, 'நிலையானது' என்றது. எனக்குத்தான் உறுத்தியது. கரை நிலையாக இருந்தால் அங்கே எதுக்குக் கல்?

30 மீட்டர் துல்லியத்தில் லேண்ட்சாட் படங்கள் கிடைப்பதே 1982-லிருந்துதான். ஆனால் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தது 1875-ல். கதையின் பெரும்பகுதி செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். சோழமண்டலக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். ஆனால் மொத்தக் கணக்கில் மணல் வடக்கேதான் போகும். துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. முன்பு சாலைக்குப் பக்கத்திலேயே கடல் இருந்த இடத்தில் இன்று சராசரியாக 300 மீட்டர் அகல மெரினா. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, ஆனால் அலை அரிப்பதை நிறுத்தவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கத்து மீனவர்கள் கரையை இழந்தார்கள். அப்புறம்தான் கல் சுவர், தூண்டில் வளைவு எல்லாம்.

பழைய வரைபடத்தைப் புனித ஜார்ஜ் கோட்டை மாதிரி நகராத புள்ளிகளை வைத்து இன்றைய மேப்பில் பொருத்தலாம். சில பத்து மீட்டர் பிழை வரும்தான். ஆனா கரை நகர்ந்தது நூற்றுக்கணக்கான மீட்டர் என்றால் அந்தப் பிழை பெரிசில்லை.

எண்ணூர் கதை வேற. அங்கே துறைமுகம் திறந்தது 2001-ல். அதனால் முன்னும் பின்னும் படம் இருக்கு. தெற்கே மணல் சேர்வதும், வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் அரிப்பதும் திரையிலேயே தெரியுது. 1875-ல் கட்டியவர்களிடம் இப்படி ஒரு பார்வை இல்லை. நம்மகிட்ட இருக்கு.

அரிக்கிற இடத்தில் கல்லைக் கொட்டினால் மேப்பில் அந்த இடம் 'நிலையானது' ஆகிவிடும். அரிப்பு கல் சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே நகரும். அடுத்த குப்பத்துக்காரர்கள் உதவி கேட்டுப் போகும்போது, இதே பச்சை நிறத்தை அவர்களுக்கு எதிராகக் காட்ட முடியும். அதனால் யாராவது கடற்கரை மேப்பைக் காட்டி 'இங்க பிரச்சினை இல்லை' என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: முதல் கோடு எந்த வருஷத்தது?