மோட்டைக் கரை மறைப்பு

வன்னி நாட்டிலே நீர் வற்றும் காலமே வேட்டைக் காலமாக இருந்தது. மாரி மழையில் நிரம்பிய குளங்களும் மோட்டைகளும் ஆனி, ஆடி மாதங்களில் ஒவ்வொன்றாக வறண்டுவிட, முல்லைத்தீவுக் காடுகளில் வாழும் மானும் மரையும் பன்றியும் எஞ்சிய நீரை நாடி வரும். அவ்வழியை அறிந்த மனிதன் கரையோரத்தில் குழைகளால் ஒரு மறைப்பு அமைத்து, அதனுள்ளே காத்திருந்தான். அச்சிறு மறைப்பின் வரலாறு, மனிதன் காட்டோடு கொண்ட உறவின் வரலாறுமாகும்.

வில்லுக்கு எட்டம் குறைவு. ஆகவே வில்லாளி விலங்கின் மிக அருகே இருத்தல் வேண்டும். அருகே இருப்பதற்கு அவன் முதலிற் கற்க வேண்டியது காற்றின் போக்கு. கோடையில் வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. எனவே மறைப்பு மோட்டையின் வடகிழக்குக் கரையில் அமைந்தாலன்றி, மனித வாடை விலங்கை எட்டிவிடும். அக்கரையில் இருப்பவனுக்குக் காலைச் சூரியன் முதுகுப் புறத்தே நிற்பதும் ஒரு நன்மை. மறைப்பின் பின்புறம் அடைபட்டு உள்ளே இருளாக இருத்தல் வேண்டும். இல்லையேல் உள்ளிருப்பவனின் அசைவு வெளியே தெரியும். வில்லை வளைப்பதற்கு இடமும் வேண்டும். இவற்றோடு, சில நாட்கள் முன்னரே மறைப்பை அமைத்து, விலங்குகள் அதனைக் கண்டு பழக விடுதலும் அவசியம்.

1660ஆம் ஆண்டில் கண்டியரசனாற் சிறைப்பட்டு, 1679இல் வடதிசைக் காடுகளின் வழியே அரிப்புக்குத் தப்பிச் சென்ற இறொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். அம்பு வேண்டிய வேடர் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவை இலையில் வெட்டி வைத்துச் செல்வராம். இரும்பு முனை அத்துணை அருமையாயிருந்த காலம் அது. அம்பின் விலையை அறிந்தவன் அதனை வீணாக எய்யான்.

துவக்கு வந்தபோது இந்நிலை மாறியது. நெருங்க வேண்டிய தேவை குறைந்தது. கொல்லும் தொகையோ பெருகியது. ஆங்கில அரசு யானைக் கொலைக்குப் பரிசு கொடுத்த காலத்தில், 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குட்பட்ட காலத்திலே, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டதென எமர்சன் டெனன்ற் தமது 1859ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். பின்னர் வேட்டைக்காரர் சிலரே அஞ்சத் தொடங்கினர். 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1938இல் சுண்டிக்குளமும் 1951இல் கொக்கிளாயும் புகலிடங்களாயின. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்ந்தது. சில மேனாடுகளில் உத்தரவுச் சீட்டுடன் வில்வேட்டை இன்றும் நிகழ்கின்றது. இலங்கையிலோ மானையும் மரையையும் கொல்லுதல் குற்றமாகும்.

ஆயினும் காட்டுப் பாதையிலே கட்டுத்துவக்கு இன்னும் காத்திருக்கின்றது. அது காவல் இருப்பவன் இல்லாத மறைப்பு. குறுக்கே கட்டிய கயிற்றைத் தொடுவது பன்றியா, கன்றோடு வரும் மரையா, விறகு தேடி வரும் ஏழையா என்று அது பார்ப்பதில்லை. வில்லாளியின் மறைப்பில் ஒரு கண் இருந்தது. எய்யாது விடுவதற்கு ஒரு மனமும் இருந்தது. கட்டுத்துவக்கில் அவ்விரண்டும் இல்லை.

கம்பராமாயணத்திலே, மறைந்து நின்று அம்பெய்த இராமனை வாலி கேட்கும் கேள்வி தமிழர் நெஞ்சில் இன்றும் ஓயவில்லை. மறைந்திருத்தல் அறமாகுமா என்ற அவ்வினாவுக்குப் புகைப்படக் கலை ஒரு புது விடை தந்தது எனலாம். இங்கிலாந்திலே கேர்ட்டன் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டளவில் எருதின் தோலைச் சட்டத்தின்மேற் போர்த்தி, அப்பொய் எருதினுள்ளே புகுந்திருந்து பறவைகளைப் படம் பிடித்தனர். அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), பழக்கிய யானையின் மீதமர்ந்து காட்டு விலங்குகளை அணுகினார். யானையையே அவர் மறைப்பாகக் கொண்டார்.

கமராவைத் தாங்கியவனும் பழைய வில்லாளியைப் போலவே காற்றை அறிய வேண்டும். வெளிச்சத்தை அறிய வேண்டும். அசையாதிருக்கக் கற்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு கடமை அவனுக்குண்டு. கடுங்கோடையில் எஞ்சிய ஒரே மோட்டையை மறித்து அவன் அமர்ந்தால், தாகத்தோடு வந்த விலங்கு திரும்பிவிடும். கூட்டருகே நெடுநேரம் தங்கினால், தாய்ப்பறவை முட்டையைக் கைவிடும். அப்போது அவன் படமும் ஒரு கொலையே.

போரின் பின் 2009 முதல் மெல்ல மெல்ல மக்கள் மீண்ட முல்லைத்தீவு மண்ணிலே, காடும் களப்பும் இளந்தலைமுறைக்கு எஞ்சிய பெருஞ்செல்வங்கள். சோளகத்துக்கு எதிர்முகமாக, குழை மறைப்பினுள் மூச்சடக்கி ஒரு சிறுவன் அமர்ந்திருக்கட்டும். மரை வந்து நீர் அருந்தி, அவனை அறியாமலே காட்டுக்குத் திரும்பட்டும். வேட்டையின் கல்வி முழுவதும் அவனுக்குக் கிட்டிவிடும். மோட்டைக் கரையிலோ குருதி சிந்தியிராது.