மன்கேட்டோ மடத்துச் சகோதரியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபால் அமைந்த மினசோட்டா மாநிலத்தில் மன்கேட்டோ என்றொரு நகர் உண்டு. அங்கே நல்லாலோசனை அன்னையின் பெயர் தாங்கிய குன்றின்மேல் நோத்ருதாம் பள்ளிச் சகோதரியர் சபையின் கன்னியர் மடம் நெடுங்காலம் இயங்கி வந்தது. ஏழை எளிய பெண்களுக்குக் கல்வி புகட்டுவதற்கென்று 1833ஆம் ஆண்டு ஜெர்மானியத் திருநாட்டின் பவேரியாவில் தோன்றிய சபை இது. 1847இல் அது அமெரிக்கக் கரையை அடைந்தது. அச்சகோதரியருள் பலர் வாழ்நாள் முழுவதும் கரும்பலகைக்கு முன் நின்றவர்கள். ஓய்வு பெற்றபின் செபத்திலும் சிறு பணிகளிலும் நாள் கழித்தவர்கள்.

1986இல் அம்மடத்தின் கதவைத் தட்டினார் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன். நோய்கள் மக்களிடையே எவ்வாறு பரவுகின்றன, யாரைத் தாக்குகின்றன, யாரை விட்டுவிடுகின்றன என்று கணக்கிடுவது அவரது துறை. சிறுவயதில் கன்னியரிடம் பாடம் பயின்றவர் அவர். மடத்தின் ஆவணங்களைக் கண்டதும் தமக்குக் கிடைத்திருப்பது எத்தகைய புதையல் என்பதை அவர் உணர்ந்தார். ஒவ்வொரு சகோதரியும் எங்கே பிறந்தார், எவ்வளவு படித்தார், எப்பள்ளிகளில் கற்பித்தார் என்பதெல்லாம் அங்கே பேணப்பட்டிருந்தன.

இதன் அருமையை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுமக்களை ஆராய்வோருக்குத் தலைவலி தருவது வாழ்க்கை வேறுபாடுகளே. ஒருவர் புகைப்பார், மற்றவர் புகைக்கமாட்டார். ஒருவருக்கு மருத்துவர் அருகில் இருப்பார், மற்றவருக்கு இருக்கமாட்டார். மடத்திலோ உணவும் உறைவிடமும் மருத்துவ வசதியும் ஏறத்தாழ அனைவர்க்கும் ஒன்றே. அப்படியிருந்தும் ஒரு சகோதரி தொண்ணூறு வயதில் தெளிவாகப் பேசுகிறார். இன்னொருவர் எழுபத்தைந்தில் தம் பெயரையே மறக்கிறார். ஏன்? ஒன்றுபோல் வாழ்ந்தவர்களிடையே இக்கேள்வி கூர்மை பெறுகிறது. (கன்னியர் மடத்து வாழ்வு உலகத்துப் பெண்கள் அனைவரின் வாழ்வுக்கும் மாதிரி ஆகாது என்ற குறையும் உண்டுதான். அதனை ஆய்வாளரும் மறைக்கவில்லை.)

1990இல் ஸ்னோடன் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆய்வும் அவரோடு சென்று, சபையின் ஏழு அமெரிக்க மாநிலங்களுக்கு விரிந்தது. ஆனால் ஒரு தடை எதிரே நின்றது. அல்சைமர் நோயை உயிரோடு இருப்பவரின் மூளையில் கண்டறிய அக்காலத்தில் வழியில்லை. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், தாம் பிராங்க்பர்ட்டில் முன்னர்க் கவனித்துவந்த அகஸ்தே என்ற பெண்மணி இறந்தபின் அவரது மூளையை மியூனிக் நகரில் உருப்பெருக்கியின்கீழ் வைத்தே அந்நோயின் அடையாளங்களைக் கண்டார்: திசுக்களிடையே திட்டுத்திட்டான படிவுகள், நரம்பணுக்களுக்குள் முறுக்கிய நார்ச்சிக்கல்கள். (நோத்ருதாம் சகோதரியரின் தலைமை மடமும் அதே மியூனிக் நகரில்தான் அமைந்தது என்பது வரலாற்றின் ஒரு தற்செயல்.) எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நோயை உறுதி செய்ய மூளை வேண்டும். அதைக் கேட்க வேண்டியதோ மூத்த துறவியரிடம்!

எப்படிக் கேட்பதென்று ஸ்னோடன் தயங்கினார். சகோதரியர் அவரைப்போல் தயங்கவில்லை எனலாம். மகப்பேறு வேண்டாமென்ற கடினமான முடிவை இளமையில் எடுத்த தாங்கள், இக்கொடையின் வழியாக வருந்தலைமுறைகளுக்குப் புதியதொரு வகையில் உயிரளிக்க முடியும் என்று அவர்களுள் ஒருவர் கூறினார். இறந்தபின் உறுப்புகளை மனமுவந்து அளிப்பது முறையானதே என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதித்தது. அந்நூல் வெளிவருமுன்பே மன்கேட்டோ சகோதரியர் தம் முடிவை எடுத்துவிட்டனர். 1917க்கு முன் பிறந்து தகுதி பெற்றிருந்த 1,027 பேரில் 678 பேர் இசைந்தனர். 349 பேர் இசையவில்லை. அந்த இரண்டாம் எண்ணையும் நாம் மதிப்போடு குறிப்பிடுகிறோம். மறுக்கும் உரிமை இருந்ததால்தான் அந்த 678 பேரின் சம்மதத்துக்குப் பொருள் உண்டு.

தொடக்கத்தில் 75 முதல் 102 வரை வயதுடையவர்களாயிருந்த அச்சகோதரியர் குறித்த கால இடைவெளிகளில் தேர்வு எழுதினர். ஒரு வாழ்நாள் முழுவதும் பிறர்க்குத் தேர்வு வைத்தவர்கள் அவர்கள்! பத்துச் சொற்களைக் கேட்டுச் சற்றுப் பொறுத்து மீண்டும் சொல்லுதல், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் கூற முடியும் என்று பார்த்தல் போன்றவை அத்தேர்வுகள்.

ஆவணக் காப்பறையிலிருந்து இன்னொரு பொருளும் வெளிவந்தது. 1930இல் வட அமெரிக்கத் தலைமை அன்னை, வார்த்தைப்பாடு கொடுக்கவிருக்கும் இளஞ்சகோதரியர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையை ஒரே தாளில் சுருக்கி எழுதித் தருமாறு பணித்திருந்தார். அப்போது அவர்களுக்குச் சராசரி 22 வயது. அத்தாள்களைக் கான்சஸ் பல்கலைக்கழக மொழியியலறிஞர் சூசன் கெம்பர் ஆராய்ந்தார். பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று எண்ணுவது அவரது முறை. 1996இல் 93 சகோதரியரைப் பற்றி வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கருத்துச் செறிவின்றி எழுதியவர்களே முதுமையில் நினைவிழப்புக்கு மிகுதியும் ஆளாகியிருந்தனர். அதற்குள் இறந்திருந்த 14 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, செறிவின்றி எழுதியவர் அனைவரிடமும் அல்சைமர் நோய் காணப்பட்டது; செறிவாக எழுதியவர் எவரிடமும் காணப்படவில்லை.

பத்திரிகைகள் இதனை ஒரு சோதிடம்போல் ஆக்கிவிட்டன. நமக்கு அதில் உடன்பாடில்லை. பதினான்கு என்பது சிறிய எண். இளமையில் வளர்ந்த மொழித்திறன் முதுமையில் மூளைக்கு அரணாகிறதா, அல்லது நோயின் மெல்லிய நிழல் இருபது வயதிலேயே எழுத்தில் படிந்துவிடுகிறதா என்பதை அத்தாள்களால் மட்டும் தீர்மானிக்க இயலாது.

நம்மை அதிகம் சிந்திக்க வைப்பவர் ஆய்வேடுகள் 'சகோதரி மேரி' என்று குறிக்கும் மூதாட்டியார். 101 வயதில் இறப்பதற்குச் சற்று முன்புவரை தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அவரது மூளையிலோ அல்சைமர் நோயின் படிவுகளும் சிக்கல்களும் மிகுந்து கிடந்தன. நோய் இருந்தது, நோயாளி இல்லை! 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு இப்புதிரின் ஓர் இழையை அவிழ்த்தது. 102 மூளைகளுள் அல்சைமர் அடையாளங்கள் கொண்டவை 61. அவற்றில் இரத்தக்குழாய் அடைப்பால் ஏற்பட்ட வடுக்களும் சேர்ந்திருந்தோரிடமே மறதிநோய் மிகுதியாக வெளிப்பட்டிருந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள மிகச் சிறிய வடுவும் தராசைச் சாய்த்துவிடக் கூடும். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்குமாறு மருத்துவர் முதியோரிடம் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வாய்வைக் குறிப்பிடும்போது உலகம் ஸ்னோடனையும், மூளைகளைப் பரிசோதித்த வில்லியம் மார்க்ஸ்பெரியையும் பேசுகிறது, தகும். ஆயினும் இதன் நுட்பமான பகுதி ஆய்வுக்கூடத்தில் நிகழவில்லை என்பது நம் எண்ணம். சம்மதம் தெளிந்த மனத்தோடு தரப்பட்டது. அதை நிறைவேற்றும் நாள் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது. இடையில் சிலர் தம் சபையின் பெயரையும், தாம் கற்பித்த பள்ளியையும், தாம் கையொப்பமிட்ட தாளையும் மறந்துவிட்டிருந்தனர். அவர்களோடு ஒரே உணவறையில் அமர்ந்து உண்டவர்கள் மறக்கவில்லை. ஊட்டிவிட்டவர்களும் இறுதி மூச்சின்போது அருகிருந்து செபித்தவர்களும் அவர்களே. அந்தச் செபம் முடிந்தபின், துக்கத்தின் நடுவிலும், கென்டக்கிக்குச் செய்தி அனுப்பியவர்களும் அவர்களே. உடல் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றது. மூளை லெக்சிங்டன் நகருக்குப் புறப்பட்டது.