ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

டிசம்பர் 22 வந்தால் கணித மேதை ராமானுஜனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறோம். "காசநோயால் 32 வயதில் மறைந்தார்" என்று ஒரு வரியும் சேர்க்கிறோம். நாம் படித்ததும் அப்படித்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது.

1914-ல் அவர் இங்கிலாந்து போனார். சில மாதங்களில் உலகப் போர் தொடங்கிவிட்டது. சுத்த சைவம், தானே சமைக்க வேண்டும், நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, போதாததற்குக் குளிர். 1917-ல் படுத்துவிட்டார். முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள்.

மெண்டிப் மலையில் இருந்த ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்ற இந்தியர். நம் தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவரும் அவரே! பிறகு மாட்லாக், லண்டன் என்று இடம் மாறினார், டாக்டர்களும் மாறினார்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, உடல் இளைத்தது. 1919-ல் ஊர் திரும்பியபோதும் காசநோய்க்குத்தான் வைத்தியம். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஹார்டிக்கு 'மாக் தீட்டா' சார்புகள் பற்றிக் கடிதம் எழுதினார். நூறு ஆண்டுகள் கழித்தும் கணித அறிஞர்கள் அதில் வேலை செய்கிறார்கள்.

1994-ல் டி. ஏ. பி. யங் என்பவர், லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்த கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து, அந்த நோய் பெரும்பாலும் கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கும் என்றார். 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது ராமானுஜனுக்குச் சீதபேதி வந்து, படிப்பை விட்டுக் கும்பகோணம் திரும்பியிருக்கிறார். அந்தக் கிருமி குடலில் சத்தமில்லாமல் தங்கி, ஆண்டுகள் கழித்துக் கல்லீரலுக்குப் போகும். அப்போது பேதி இல்லாமல் வெறும் காய்ச்சலாகவே வரலாம்.

மனம் கனக்கிற இடம் இதுதான். அமீபா நோய்க்கு அப்போதே மருந்து இருந்தது. கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் 1912-லேயே எமெட்டின் ஊசியைப் பயன்படுத்திப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்.

யங் சொன்னது முடிந்த முடிவு அல்ல. இனி உறுதிசெய்யவும் வழியில்லை. அந்த டாக்டர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அன்று இளைஞன் ஒருவன் காய்ச்சலோடு இளைத்துப்போனால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அது சோம்பேறித்தனம் இல்லை, மனித மனம் வேலை செய்கிற விதம். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டால், வழிமுறையை எப்படியாவது அந்த விடைக்குக் கொண்டுவந்து நிறுத்துவீர்களே, அதுபோலத்தான். ஒரு டாக்டர் பெயர் வைத்துவிட்டால், அடுத்தவர் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறார். கடைசியில் நோயாளியை விட்டுவிட்டுப் பெயருக்கு வைத்தியம் நடக்கிறது. பதினொரு வருடம் முந்தைய சீதபேதியை இந்தக் காய்ச்சலோடு யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்று நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? காய்ச்சல் என்றால் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கிளினிக். குறையாவிட்டால் ஆவடியில் இன்னொருவர். அப்புறம் பூந்தமல்லி ஹைரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொருவருக்கும் சில நிமிடம்தான் நேரம். முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள் நோயாளிதான்.

அதனால் பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். எப்போதோ வந்து போன நோயையும் சொல்லுங்கள், "அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். மருந்து கேட்கவில்லை என்றால், "டாக்டர், இது வேறு ஏதாவது நோயாக இருக்குமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். மாணவர்களில் டாக்டராகவும் நர்ஸாகவும் இருப்பவர்கள் பலர். உங்களுக்கும் சொல்கிறேன்: சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படிக்கும் முன் நோயாளியை ஒருமுறை முதலிலிருந்து விசாரியுங்கள்.

விடை சரியாக இருக்கிறது என்று தோன்றினாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வகுப்பில் தினமும் சொன்னதுதான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், அம்பத்தூர்.